பன்னிரண்டு நிமிட நிறுத்தம்

பஸ் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் ‘நிமிஷம்’. வேலை டைம் கீப்பர். வாசல் கேட்டை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியேதான் நிற்க வேண்டும். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் நேரம் எழுதுவார், தாமதமாக வந்த டிரைவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

“மூணு நிமிஷம் லேட்டு.”

“ரயில்வே கேட் போட்டுட்டான் சார்.”

“கேட்டுக்கு ரெண்டு நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷம் எங்க போச்சு?”

டிரைவர்கள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஏமாற்ற முடியாத மனுஷன், ஆனால் கெட்ட மனுஷன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

முப்பத்தொரு வருடம் ஊரையே வழியனுப்பி வைத்தவர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. நாடோ பெரியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் நாலு நாள் ஆகும். அதில் அவர் பார்த்தது தன் ஊரும், பெண் எடுத்த பக்கத்து ஊரும்தான். ஐம்பத்து நான்காவது வயதில் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்க லீவு மலை மாதிரி கிடக்கு. இந்த வருஷம் எடுக்கலேன்னா அத்தனையும் போயிடும். ஒன்பது நாள் எங்கயாவது போயிட்டு வாங்க. நீங்க இல்லேன்னா கடிகாரம் ஒண்ணும் நின்னுடாது.”

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்பவள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மடியில் கிடக்கும் துண்டை நான்காக மடித்துக்கொண்டிருப்பாள்.

“உனக்கு எங்க போகணும்?”

“எங்கயாவது. யாரோ விரிச்சு வெச்ச படுக்கையில ரெண்டு நாள் தூங்கணும். அவ்வளவுதான்.”

அவருக்கு ஒரே தங்கை. பதினாறு வருடம் முன்பு கல்யாணமாகி, ஒன்றரை நாள் ரயில் பயணத் தூரத்தில் ஒரு ஊருக்குப் போனவள். அங்கே துணிக்கடையில் பில் போடுகிறாள். கணவர் மோட்டார் காயில் கட்டுபவர். பன்னிரண்டு வயதில் ஒரு பெண். இவர்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் பாப்பா. நாலு வயதில் வந்து போனபோது நிமிஷத்தின் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதவள். அதற்குப் பிறகு போனில் குரல் மட்டும்தான்.

தங்கைக்குப் போன் போட்டார். “நாங்க வர்றோம். ஒன்பது நாள் லீவு.”

அந்தப் பக்கம் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தார். “அண்ணா, நிஜமாவா? வரப் போக மூணு நாள் போனாலும் அஞ்சு நாளாவது இங்க இருப்பீங்கல்ல? இரு, பாப்பா பிடுங்குறா.”

“மாமா, எங்க ஊர்ல ஒரு பாலம் இருக்கு. கீழ நின்னுக்கிட்டுக் கத்தினா நம்ம குரலே ரெண்டு தடவை திரும்பி வரும். நான் காட்டுறேன். வேற என்னென்ன காட்டணும்னு நான் எழுதி வைக்கட்டுமா?”

“எழுதி வை” என்றார் மாமா. அன்றிரவு அவருக்குக் கால் தரையில் படவில்லை.

வினை டிப்போ கேன்டீனில் ஆரம்பித்தது. விஷயம் பரவியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “அவ்வளவு தூரம் போயிட்டு அருவியைப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் ஒரு கண்டக்டர். “அருவியிலேர்ந்து கோட்டை ஆறு மணி நேரம்தான்” என்றார் இன்னொருவர். மணல்மேடு, பனிமலை, கடல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த இடங்களைப் பார்த்ததில்லை. ஆனால் நிமிஷத்துக்கு அது சவாலாகிவிட்டது. இத்தனை வண்டிக்கு நேரம் போடத் தெரிந்தவனுக்கு ஒன்பது நாளுக்குப் போடத் தெரியாதா?

நாட்டின் வரைபடம் ஒன்றை வாங்கிவந்து பீரோ கதவில் ஒட்டினார். ரயில் கால அட்டவணையை மேஜையில் விரித்தார். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பேனா. ஒரு தாளில் நாளுக்கொரு கட்டம் போட்டார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மனைவி தேநீரை வைத்துவிட்டுப் போவாள், அது ஆறிப்போகும்.

அருவி உள்ளே வந்தபோது தங்கை வீடு ஐந்து நாளிலிருந்து மூன்றானது. கோட்டையும் மணல்மேடும் வந்தபோது ஒன்றரை. பனிமலையை எடுத்துவிட்டுக் கடலைச் சேர்த்ததில் ஓர் இரவு மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் தங்கைக்குப் போன் செய்தார்.

“மூணு நாளா? சரிண்ணா. மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சுட்டோம். மூணு நாள்னாலும் சந்தோஷம்தான்.”

“ஒன்றரை நாள்னா கடையில லீவை மாத்திச் சொல்லணும். சொல்லிக்கிறேன். பாப்பாதான் உன்ன மாதிரியே கட்டம் போட்டு எழுதி வெச்சிருக்கா. சுருக்கச் சொல்றேன்.”

“ஒரு ராத்திரியா?” என்று அந்த முறை திரும்பக் கேட்டாள். “பரவாயில்லண்ணா. நீங்க நாலு இடம் பாக்கணும்ல.”

கடைசியில் அந்த ஓர் இரவும் நிற்கவில்லை. இரவு தங்கினால் கடலுக்குப் போகும் இணைப்பு ரயில் தவறுகிறது; அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான். பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தார். பிறகுதான் கண்டுபிடித்தார்: மணல்மேட்டிலிருந்து வரும் ரயில் தங்கை ஊர் வழியாகத்தான் போகிறது. மாலை நான்கு நாற்பதுக்கு வருகிறது. பன்னிரண்டு நிமிடம் நிற்கிறது.

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, தங்கச்சி வீட்டைப் போய் ஸ்டாப்பிங் ஆக்கிட்டீங்களே?”

“பன்னிரண்டு நிமிஷம்னா சும்மாவா? அதுக்குள்ள நான் ஆறு வண்டி விடுவேன்.”

“நீங்க பாக்கப் போறது வண்டியையா?”

அவர் போனை எடுத்தார். தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார்: என்ன தேதி, எந்தப் பிளாட்பாரம், பெட்டி எண் என்ன, இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டி, அது வந்து நிற்கும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், அங்கேயே நிற்கவேண்டும், அலையக் கூடாது. தங்கை ஒவ்வொன்றுக்கும் “சரிண்ணா” என்றாள். பாப்பாவிடம் கொடு என்றபோது, அவள் விளையாடப் போயிருக்கிறாள் என்றாள்.

கிளம்பினார்கள். அருவியில் நாற்பது நிமிடம் இருந்தார்கள். கோட்டையில் பாதிப் படி ஏறியதும் மனைவிக்கு மூச்சு வாங்கியது. மீதியை அவர் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். மணல்மேட்டில் காற்று அடித்து ஒன்றும் தெரியவில்லை. மூன்று இரவு ரயிலில், ஓர் இரவு வெயிட்டிங் ரூம் நாற்காலியில், ஓர் இரவு பஸ்ஸில். ஆனால் கட்டம் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒவ்வொன்று முடிந்ததும் பச்சைப் பேனாவால் டிக் அடித்தார்.

ஆறாம் நாள் மதியம் ரயில் ஒரு பெரிய ஜங்ஷனில் வெகுநேரம் நின்றது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவர் கடல் பக்கத்துக் கட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜங்ஷனில் இன்ஜினைக் கழற்றி ரயிலின் மறுமுனையில் மாட்டுவார்கள். வந்த ரயில் அப்படியே பின்பக்கமாகத் திரும்பிப் போகும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. பஸ்ஸைத் தவிர வேறெதையும் அனுப்பிப் பழகாதவர் அதைப் படிக்கவில்லை.

தங்கை ஊர் பிளாட்பாரத்துக்குள் ரயில் நுழைந்து, வேகம் குறைந்து நின்றபோதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு பெட்டி ரயிலில் அவர்கள் பெட்டி இப்போது வால் பக்கம் இருந்தது. தண்ணீர்க் குழாய் எங்கோ முன்னால், கண்ணுக்கெட்டாத தூரத்தில். ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் மோதிக்கொண்டன. போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“நீங்க முன்னாடி ஓடுங்க. நான் சாமானைப் பாத்துக்கிறேன்” என்றாள் மனைவி.

“நான் இந்தப் பக்கமாப் போயி, அவ அந்தப் பக்கமா வந்துட்டா? ரெண்டு பேரும் தவறிடுவோம். இங்கயே நிக்கிறதுதான் சரி.”

கீழே இறங்கி ஒரு சிமென்ட் பெஞ்சில் ஏறி நின்றார். தலைகளுக்கு மேலாகத் தங்கையின் முகத்தைத் தேடினார். நாலு நிமிடம். ஐந்து. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பள்ளிச் சிறுமி ஓடிவந்தாள். கிராப்பு வெட்டிய தலை, கசங்கிய சீருடை, தோளில் புத்தகப் பை. பெட்டி எண்ணைப் பார்த்தாள். பெஞ்சில் நின்றவரை அண்ணாந்து பார்த்தாள். மூச்சு வாங்கியது. “நீங்க…” என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கோம்மா, மறைக்குது. ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்” என்றார், அவளைப் பார்க்காமலே.

சிறுமி ஓர் அடி பின்னால் போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

தங்கை வந்து சேர்ந்தபோது ஒரு நிமிடம்தான் பாக்கி. விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காதோரம் முடி நரைத்திருந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “இளைச்சுப் போயிட்டியேண்ணா” என்றாள். அண்ணியை ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தொட்டாள். உடனே சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“பாப்பா எங்க?”

“பாப்பாவா? வரலையே.”

“உங்களைப் பிடிச்சு வைக்கிறேன்னு எனக்கு முன்னாடி ஓடி வந்தாளே. ஸ்கூல்லேர்ந்து நேரா வந்தா. யூனிஃபார்ம். முடியை ஒட்ட வெட்டியிருக்கா…”

ரயில் ஊதியது. அவருக்கு முகம் சுண்டிப்போனது. தங்கை அவரைத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள். பெட்டி நகர்ந்தது. ஆறேழு பெட்டி தள்ளி, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அவள் நின்றிருந்தாள், பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி. வாசலில் தொங்கிக்கொண்டு, “பாப்பா! மாமாடா! மாமா இங்க!” என்று கத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் ரயில் அவளைத் தாண்டிவிட்டது. கை அசைத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அசைத்தாள் என்று மனைவி சொன்னாள். மனைவி அப்படித்தான் சொல்வாள்.

வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். மனைவி, “அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடலாங்க. பஸ் பிடிச்சாவது திரும்பிப் போயிடலாம்” என்றாள்.

அடுத்த நிறுத்தம் ஒரு மணி நேரத்தில். அங்கிருந்து பஸ் இருக்கும். ஏழு மணிக்குத் தங்கை வீட்டு வாசலில் நிற்கலாம். இணைப்புகளை அறிந்தவருக்கு இதுவும் தெரிந்தே இருந்தது. ஆனால் மடியில் கட்டம் இருந்தது.

“எல்லா டிக்கெட்டும் கோத்து வெச்ச மாதிரி இருக்கு. ஒண்ணை உருவினா அத்தனையும் போயிடும். போன்ல பேசிக்கலாம்.”

அடுத்த ஸ்டேஷன் வந்தது. மனைவி பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரயில் மூன்று நிமிடம் நின்றது. கிளம்பியதும் பையைத் திரும்பக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் அவள் எதையும் கேட்கவில்லை. கடலைப் பார்த்தார்கள். அலை வந்தது, போனது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கவில்லை.

போனில் தங்கை சொன்னாள்: “விடுண்ணா, குழந்தைதானே. நீ என்ன வேணும்னா பண்ணினே?” பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் இருந்தது. அடுத்த முறையும் இருந்தது.

ஒன்பது நாள் முடிந்து டிப்போவுக்குப் போனபோது கேன்டீனில் சுற்றி நின்று கேட்டார்கள். “எல்லாம் பாத்தாச்சு” என்றார். தாமதமாக வந்த டிரைவர்களிடம் அவர் முன்போல் காரணம் கேட்பதில்லை என்று சிலர் கவனித்தார்கள். வயசாயிடுச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து லீவு சேர்ந்ததும் தங்கை வீட்டுக்கு மட்டும் போனார்கள், ஐந்து முழு நாள். மாடி அறையில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. மனைவி முதல் நாள் மதியம் வரை தூங்கினாள். தங்கையும் மச்சானும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பாப்பா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். “வாங்க மாமா, வாங்க அத்தை” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளி, டியூஷன், பரீட்சை. வீட்டில் இருக்கும் நேரத்தில் கேட்டதற்குப் பதில் சொன்னாள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாலாம் நாள் மாலை அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு வருடமாக மனதில் எழுதி வைத்திருந்தார்.

“பாப்பா, அன்னிக்கு ஸ்டேஷன்ல…”

“எந்த ஸ்டேஷன் மாமா?”

நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். பென்சில் மட்டும் ஒரு கணம் நின்றது. அவள் நிஜமாகவே மறந்துவிட்டாளா, வேண்டாமென்று விட்டுவிட்டாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. நீ எழுது” என்றார்.

அவள் எழுதினாள். ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். எழுந்து போனால் சத்தம் கேட்டுத் தொந்தரவாக இருக்குமோ என்று அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.