நாலு பல், நாலு நட்சத்திரம்

ஞானப்பல் நான்கையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டும் என்றதும், மெல்பனின் கிளென் வேவர்லி பல் மருத்துவமனைப் படிவத்தில் என் கையெழுத்தையே என்னால் சரியாகப் போட முடியவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். முகக்கவசத்துக்கு மேலே அடர்ந்த நரைப் புருவம், கோட்டுக்குள் உருகுவே கால்பந்து அணியின் வான நீலச் சட்டை. அதில், வென்ற பட்டத்துக்கு ஒன்றாக நான்கு நட்சத்திரங்கள். அந்த நாட்டை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். ஆனால் பல்லுக்கொரு நட்சத்திரக் கதை சொல்வார்.

"மெல்பனை விடச் சனம் குறைஞ்ச நாடு, தம்பி. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துநாலிலையும் இருபத்தெட்டிலையும் ஒலிம்பிக் வெண்டவங்கள்." இரண்டு பற்கள் போயின.

"முப்பதிலை முதலாவது உலகக் கோப்பை." மூன்றாவதும் போனது.

"ஐம்பதிலை பிரேசில் மண்ணிலை, பிரேசிலோடையே. முதல் கோல் பிரேசிலுக்கு!"

பதறி வாயை இன்னும் பிளந்தேன்.

"திருப்பி ரெண்டு அடிச்சாங்கள்!" நான்காவதும் கிண்ணத்தில் விழுந்தது.

பஞ்சைக் கடித்தபடி, "அஞ்சாவது நட்சத்திரம் எப்ப டாக்டர்?" என்றேன்.

முகக்கவசத்தைக் கழற்றினார். முகம் வாடியிருந்தது. "அதுக்குப் பிறகு உலகக் கோப்பை கிடைக்கேல்லை. நாளைக்கும் ஒரு மேட்ச் இருக்கு. எனக்கு இண்டைக்கே கை நடுங்குது."

"மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டுக்கோங்க" என்றேன், பெரிய வீரனைப் போல.

கை நடுங்கும் விஷயத்தைப் பல் பிடுங்கி முடித்த பிறகு சொன்னாரே, அந்தப் பண்புக்காகவே அவர் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை.