பக்கம் திருப்புகிற நாற்காலி

ஹலாப்பா நகர இசைக்குழுவில் ஒத்தீலியா சமூதியோவுக்கு ஒரு நாற்காலி உண்டு. இரண்டாம் வயலின்களில் மூன்றாம் வரிசை, உள்பக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற ரசிகர்களுக்கும் அவள் முகத்தைவிட முழங்கைதான் பழக்கம்.

வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே ஸ்டாண்டில் இசைக்குறிப்பு நோட்டை வைத்து வாசிப்பார்கள். பக்கம் முடியும்போது யாராவது ஒருவர் நிறுத்தித் திருப்பியாக வேண்டும். சபைப் பக்கம் இருப்பவர் நிறுத்த மாட்டார், உள்ளே இருப்பவர்தான் நிறுத்துவார். இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறிப் பாருங்கள், எல்லாருக்கும் கோபம் மட்டும் வரும்.

அவள் பக்கத்து ஊரான கோவாதெபெக்கில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவள். மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் பிடித்து, நகரத்துக்கு வந்து, தேர்வில் வாசித்துக் காட்டி இந்த நாற்காலியை வாங்கினாள். சபைப் பக்க நாற்காலிக்கு ஒருமுறை போட்டியிட்டபோது வில் பிடித்த கை நடுங்கிவிட்டது. அதோடு சரி. குளிர்பெட்டி மெக்கானிக் எவரிஸ்தோவைக் கட்டிக்கொண்டாள். காலையில் ஒத்திகை, மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம். பரிதாபப்பட வேண்டிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். காபி தண்ணியாக இருந்தால் கடைக்காரர் காது சிவக்கிற வரை விடமாட்டாள்.

ஆனால் ஸ்டாண்டைப் பங்குபோடுகிற பக்கத்து நாற்காலி லெயாந்த்ரோவிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன் வியன்னாக்காரர் ஒருவர் எழுதிய சிம்பொனி ஒன்றில்தான் விஷயம். குழுவில் அதற்குப் பெயரே 'கிழவர்'. அதன் மெதுவான பகுதியில், ஆயுசு முழுக்கப் பின்பாட்டு வாசிக்கிற இரண்டாம் வயலின்களுக்கு ஒரே ஒருமுறை மெட்டு கிடைக்கிறது. அது பக்கத்தின் கடைசி வரியில் ஏறத் தொடங்கி, அடுத்த பக்கத்தில் இறங்குகிறது. உச்சியில்தான் பக்கம் திருப்ப வேண்டும். கிழவர் மேடையேறிய ஒவ்வொரு முறையும் மெட்டின் தொடக்கமும் முடிவும் ஒத்தீலியாவுக்கு, உச்சி மற்றவர்களுக்கு. வீட்டுச் சமையலறையில் அதைத் தேயத் தேய வாசித்திருக்கிறாள். மேடையில், எல்லாரோடும் சேர்ந்து, ஒருதரம் வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"ஏம்மா, ஊரே மலை ஏறுறப்ப நீ மட்டும் சுரங்கத்துல நொழஞ்சு அந்தப் பக்கம் வர்றியே" என்பான் எவரிஸ்தோ. "ஒருதரம் நீங்க திருப்புங்கன்னு அந்த மனுஷன்கிட்ட கேட்டாத்தான் என்ன? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

"விருந்துக்கு வந்தவரை எழுப்பிப் பாத்திரம் கழுவச் சொல்லுவியா நீ? சும்மா கெட."

அந்த வாரம் முதல் பாதியில் ஒரு புதுப் படைப்பு, இரண்டாம் பாதியில் கிழவர். புதியதை எழுதியவள் ரெபேகா லுனகோமெஸ் என்ற இளம்பெண். அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி எழுதியிருந்ததால் ஆளுக்கொரு ஸ்டாண்டு போட வேண்டியதாயிற்று. மேடையில் கால் வைக்க இடமில்லை என்று ஆளாளுக்கு முனகினார்கள். ஒத்தீலியாவும் சேர்ந்து முனகினாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கென்று ஒரு வரி, அவளுக்கென்று ஒரு ஸ்டாண்டு.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஒத்திகையில் பக்கம் முடியப்போகிறது என்றதும் அவள் வில்லை நிறுத்தினாள். கை தானாக நீண்டு லெயாந்த்ரோவின் நோட்டைத் திருப்பிவிட்டது. பாதி வரியில் இருந்த மனுஷர் அலறினார். குழு முழுவதும் சிரித்தது.

ரெபேகா எழுந்து வந்தாள். "என்னக்கா, எதுக்கு நிறுத்தினீங்க? நீங்களே திருப்பிக்கத்தான் கடைசியில இடைவெளி விட்டிருக்கேனே."

"கை கேக்க மாட்டேங்குதும்மா. திருப்பியே பழகின கை."

"அப்ப பழைய சிம்பொனியில எல்லாம் அந்த இடங்களை நீங்க வாசிச்சதே இல்லையா?"

ஒத்தீலியா சிரித்து மழுப்பத்தான் பார்த்தாள். வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா. கிழவரோட அந்த மெட்டுல உச்சியை ஒருதரம்கூட மேடையில வாசிச்சதில்ல. ஒருதரம் வாசிச்சுட்டா போதும்னு இருக்கும்."

சொன்ன பிறகு அவளுக்கு முகம் சுட்டது. லெயாந்த்ரோ வில்லுக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஊரில் விடாத தூறல். நனைந்த குடைகளோடு வந்த கூட்டம் புதுப் படைப்பைக் கொஞ்சம் இருமலோடு கேட்டு, மரியாதையாகக் கைதட்டியது. இடைவேளையில் உபரி ஸ்டாண்டுகள் போயின. பழையபடி இரண்டு பேருக்கு ஒன்று. லெயாந்த்ரோ தன் நாற்காலியைச் சரக்கென்று ஸ்டாண்டுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். தன் பேச்சு அவருக்கு உறுத்திவிட்டது என்று ஒத்தீலியா வருந்தினாள்.

மெதுவான பகுதி வந்தது. மெட்டு கடைசி வரியில் ஏறத் தொடங்கியது. அவள் வழக்கம்போல் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துக் கையை நீட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. இரண்டு பேர் விரலும் பக்கத்தின் முனையில் முட்டிக்கொண்டன. இரண்டு வில்லும் சும்மா நின்றன.

"வாசி தாயி, வாசி!" என்றார் லெயாந்த்ரோ பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் வில்லைத் தந்தியில் போட்டாள். நோட்டைப் பார்க்கவில்லை, அது தேவையும் இல்லை. உச்சியை வாசித்தாள். கை நடுங்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. மெட்டு அவளுக்குக் கேட்கவில்லை. தாடைக்குக் கீழே தன் வயலின் இரைச்சல், முன்னால் குழுவை நடத்துகிறவரின் கை, அடுத்த சுரத்தைப் பிடிக்கிற அவசரம். எல்லாம் இருந்தன, இத்தனை வருஷம் அவள் மயங்கி நின்ற அந்தச் சங்கீதம் மட்டும் இல்லை. பக்கம் திருப்புகிற அந்த நேரத்தில்தான், வில் சும்மா இருக்கிற அந்த ஒரே நேரத்தில்தான், அவள் அதைக் கேட்டிருக்கிறாள். வாசித்தால் கேட்க முடியாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். லெயாந்த்ரோ வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"சந்தோஷமா?"

"வாசிச்சுட்டேன் அண்ணே. ரொம்ப நன்றி."

"நாசமாப்போச்சு, இந்தக் கருமத்தை நான் எத்தனை தடவை வாசிச்சிருப்பேன்! இன்னிக்குத்தான் கேட்டேன். இப்படியா இருக்கும் அது?" அவர் கைக்குட்டையைத் தேடினார். "இத்தனை வருஷமா இதை நீ கேட்டுக்கிட்டா இருந்த, திருடி? ஒரு வார்த்தை சொன்னியா?"

ஒத்தீலியா பெட்டியின் கொக்கியை மாட்டினாள்.

"பக்கத்துல இருந்து நீங்க வாசிச்சதைத்தானே அண்ணே கேட்டேன்" என்றாள்.