கிடைக்காத ஊசி முனை

1. மலேசியாவின் கூலாயில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் ஓர் அக்காவின் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போனேன்.
2. சரிசெய்து கொடுத்தேன். போர்வையின் கடைசி ஓரத்தைத் தைக்கும்போது ஊசி உடைந்தது.
3. உடைந்த ஊசித் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தோம். முனை மட்டும் இல்லை.

அது தொட்டில் குழந்தைக்கான போர்வை. இறந்துபோன தாத்தாவின் கைலிகளை வெட்டித் தைத்தது. மறுநாள் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள்.

அக்கா குள்ளம். சட்டைக் காலரில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். நிறங்கள் சேர்கின்றனவா என்று பார்க்க, நாற்காலிமேல் ஏறி ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வார். அன்று ஏறவில்லை.

காந்தத்தைப் போர்வையின் இருபுறமும் ஓட்டினேன். எதுவும் ஒட்டவில்லை.

"போர்வையில இல்லக்கா. மெஷினுக்குள்ள விழுந்திருக்கும்."

"விழுந்திருக்குமா, விழுந்துடுச்சா?"

அவர் போர்வையை விரித்து, அதில் கன்னத்தை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.

"அலமாக், அக்கா! கிழிச்சிடும்!"

"கிழிக்கட்டும்லா. எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்."

சாயங்காலம் குழந்தையின் அம்மா வந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"எங்கப்பா கைலிக்கா. பரவால்ல, அப்படியே குடுங்க."

"உனக்குன்னா குடுத்துருவேன்மா. புள்ளைக்குக் குடுக்க மாட்டேன்."

அவள் அழுதாள். அக்கா போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இயந்திரத்தை முழுவதும் கழற்றிப் பார்த்துவிட்டேன்; முனை அதில் இல்லை. குழந்தையை வேறு போர்வையில்தான் தொட்டிலிட்டார்கள். அக்கா தினமும் மதியம் அந்தக் கைலிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். இதுவரை எதுவும் குத்தவில்லையாம். இன்னும் கொடுக்கவில்லை.