கேட்டில் ஓடத் தொடங்கும் ஐந்து நிமிடம்

"வேறு யாராவது பேசணுமா?" என்று கேட்டுவிட்டு, மேடம் பேனாவை மூடாமல் காத்திருந்த அந்தக் கணம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பெருங்களத்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. மேடம் சேலையூரில் குடியிருந்தார், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். தனியார் நடத்தும் விமான நிலையங்கள் மக்களிடம் என்ன கட்டணம் வாங்கலாம், பதிலுக்கு என்ன வசதி செய்து தரவேண்டும் என்று முடிவு செய்யும் அரசு அலுவலகத்தில் அதிகாரி. வெளியூரில் அப்படியொரு விமான நிலையத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என் வண்டியில்தான் வந்தார். பயணிகளை இறக்கிவிடும் வண்டிக்கு அங்கே ஐந்து நிமிடம் இலவசம், தாண்டினால் அபராதம். அந்த அபராதத்தை உயர்த்த நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது.

வழியில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "கேட்ல சீட்டு அடிக்கும்போதே டைம் ஓட ஆரம்பிச்சிடுது மேடம். ஆளை இறக்கற வாசல்ல போய் நிக்கறதுக்குள்ள பாதி போயிடும். வயசானவங்களைப் புடிச்சுத் தள்ளாத குறைதான்."

"அவங்க மனுவுல வண்டி நின்னதுலேர்ந்துன்னு எழுதியிருக்காங்களே அண்ணா! கூட்டத்துல சொல்லுங்க."

"ஐயோ, நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"நான் நடுவுல உக்கார்றவ. ஒருத்தர் பக்கம் பேசக் கூடாது. யாரும் சொல்லலன்னா பதிவுல வராது. உங்க இஷ்டம்." அதன்பின் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

கூட்டத்தில் கோட்டு போட்டவர்கள்தான் பேசினார்கள். ஓட்டுநர் என்று ஒருவரும் எழவில்லை. பேனா மூடப்போகிறது என்று தெரிந்ததும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். நிறுவனத்தின் மேலாளர் சிரித்தார். "அண்ணன் வண்டிய மெதுவா உருட்டிகினு வருவாரு போல!"

அரங்கம் சிரித்தது. "வேகமா வந்தா அதுக்கும் நீங்களே ஃபைன் போடறீங்களே சார்" என்றேன். இம்முறை சிரிப்பு பெரிதாக இருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல் என் பெயரையும் தொழிலையும் கேட்டார். பக்கத்தில் குறிப்பெடுத்தவரிடம், "இவர் என்னை அழைத்து வந்த ஓட்டுநர் என்பதையும் எழுதுங்கள்" என்றார். பிறகு எல்லோரையும் கேட்டுக்கு நடத்திப் போனார். சீட்டு அடித்ததிலிருந்து வாசல் வரை ஓட்டிப் பார்த்தது நிறுவனத்தின் வண்டி, நிறுவனத்தின் ஓட்டுநர். கடிகாரத்தையும் மேலாளர் கையிலேயே கொடுத்தார். வண்டி வாசலில் நின்றபோது மேலாளர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ரெண்டரை நிமிஷம்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. அபராதம் உயரவில்லை, வண்டி வாசலில் நின்ற பிறகே நேரம் தொடங்க வேண்டும். மேடம் எனக்கு அதைச் சொல்லவில்லை. என் மகள்தான் போனில் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்: "வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கூறியதை நேரில் சரிபார்த்தோம்."

"உன் பேச்சை அப்படியே நம்பலியாப்பா?" என்று மகள் கேலி செய்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்னை நம்பியிருந்தால் அது மேடம் எனக்குச் செய்த உதவியாகியிருக்கும். சரிபார்த்ததால் அது எல்லோருக்கும் நியாயமானது.