கல்லிடைக்குறிச்சி வீட்டு மூன்றாவது புகார்

எங்கள் ஏசி பழுதுபார்க்கும் கடையின் மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சி காலமான செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். கடையில் புகார் எழுதும் வேலை எனக்கு. பழக்கதோஷத்தில் புத்தகத்தைத் திறந்து, "எப்ப இருந்து?" என்று கேட்டுவிட்டேன். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு அக்கா" என்றாள். எழுதியும் விட்டேன்.

"ஏசிக்கு மூணே சீக்குதான் பிள்ள. தூசி, பல்லி, வீட்டுக்காரர். மொத ரெண்டையும் கழுவிரலாம்" என்பார் அண்ணாச்சி. கடைக்குள் மட்டும்தான் சொல்வார். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காற்று வருகிறது, குளிர் வரவில்லை என்று அழைத்திருந்தார். ரிமோட்டில் மின்விசிறிப் பொத்தான் அழுத்தியிருந்தது, அவ்வளவுதான். அண்ணாச்சி ஃபில்டரைக் கழற்றி அரைமணி நேரம் கழுவி, நடுவில் யாரும் பார்க்காதபோது ரிமோட்டைச் சரிசெய்து, "ஃபில்டர்ல அடைப்பு ஸார்" என்று சொல்லிவிட்டு வந்தார். "எட்டாங்கிளாஸ்ல எனக்குக் கணக்கு எடுத்தவரு. இப்பம் நான் அவருக்கு மார்க் போடவா?" என்றார் என்னிடம்.

கல்லிடைக்குறிச்சியில் எந்த வீடென்று சொல்ல மாட்டேன். மதியமானால் ஏசி நின்றுபோகிறது என்று புகார். இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது புகார் வந்ததும் முதலாளி பொறுமை இழந்தார்.

"கேஸ் அடிச்சிட்டு வாரும்னா கேக்க மாட்டேங்கீரு. இந்தத் தடவையும் சும்மா திரும்புனீர்னா வேற கடை பாத்துக்கிடும் வே."

அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் வேறு கடை எங்கே கிடைக்கும்? "கேஸ் கொறையல மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மெக்கானிக் புறப்பட்டதும் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று மழை, லைன் கிடைக்கவில்லை. அண்ணாச்சி போய்ப் பார்த்தபோது, பின்கட்டுத் தாழ்வாரத்தில் மழை படாமல், ஏசியின் வெளிப்பெட்டியை அடைத்துக்கொண்டு தட்டு தட்டாக அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் இல்லாத நாளில் பெட்டி ஊதும் வெக்கையை வீணாக்க அந்த வீட்டு அக்காவுக்கு மனமில்லை. வெக்கை வெளியேற வழியின்றி இயந்திரம் மூச்சுமுட்டி நின்றிருந்தது.

"போன் வந்தா எல்லாத்தையும் எடுத்து வச்சிருவேம்லா. வாரவுக முன்னால இப்படியா போட்டு வைக்க?" என்றாராம் அந்த அக்கா. பிறகு, "எங்க அவுகளுக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. துபாய்ல இருந்து சம்பாதிச்சு வாங்கின ஏசி."

கடைக்குத் திரும்பியதும் இதை என்னிடம்தான் முதலில் சொன்னார். இரண்டு முறை கோளாறை ஒளித்துவைத்தது என் தொலைபேசி மரியாதை என்று அப்போதுதான் புரிந்தது. வேலை அட்டையில் "காற்றடைப்பு நீக்கப்பட்டது" என்று எழுதி நீட்டினார்.

"இத ரெண்டு தடவ பாக்காம அங்கன என்ன வே செஞ்சீரு?" என்றார் முதலாளி.

நான் எழுந்து நின்றேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணுல படல மொதலாளி."

வசவு நீளமாக வந்தது. முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். வேலை தப்பியது.

அவரை அறிந்தவர்கள் அவருடைய கைராசியைச் சொல்வார்கள். எனக்கென்று நான் வைத்திருப்பது "கண்ணுல படல" என்ற அந்த இரண்டு சொற்களைத்தான். அவற்றில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எடுத்து வைத்துவிட்ட அப்பளம் யார் கண்ணில்தான் படும்?