விழித்திருந்த வார்டன்

பவுல்சாமி அண்ணன் லஸ் பக்கத்தில் ஒரு விளக்குக் கடையில் வேலை பார்த்தவர். யுத்தம் வந்து, ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று சர்க்கார் சொன்னதும் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்த மாதமே அவர், விமானத் தாக்குதலிலிருந்து ஜனங்களைக் காக்க சர்க்கார் அமைத்த ஏ.ஆர்.பி.யில் வார்டனாகச் சேர்ந்து, வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொன்னார். அதில் பாதி விளக்குகள் அவரே விற்றவை.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் வீடு. கூடத்துச் சுவரில் அந்தோணியார் படத்துக்குக் கீழே கரித்துண்டால் எழுதியிருந்தார்: ‘1942 வார்டன். 1943 தலைமை வார்டன். 1944 நிரந்தரம்.’ வேலை தற்காலிகம்தான். அதை நிரந்தரமாக்கிக்கொள்வது அவருடைய லட்சியம். தினமும் காலையில் இரும்புத் தொப்பியைத் துடைத்துக்கொண்டே அந்த வரிகளை வாய்விட்டுப் படிப்பார்.

“சண்டை முடிஞ்சா வார்டன் எதுக்கு? எப்படி நிரந்தரம் பண்ணுவாங்க?” என்பார் அவர் மனைவி பியாட்ரிஸ் அக்கா.

“சண்டை முடியும்னு யார் சொன்னது உனக்கு?” என்று அவர் கொஞ்சம் கலவரத்தோடு கேட்பார்.

சாயங்கால ஜெபமாலையில் அக்கா, “சண்டை சீக்கிரம் முடியணும் ஆண்டவரே” என்று வேண்டுவார். பிள்ளைகள் ஆமென் சொல்வார்கள். அண்ணன் வாயைத் திறக்கமாட்டார். ஆண்டவரிடம் பொய் சொல்லாத மனுஷர்.

நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே ரயிலேறியது. போக்கிடம் இல்லாத எங்களைப் போல நாலைந்து குடும்பங்கள்தான் சந்தில் மிச்சம். பட்டணத்திலேயே இந்தச் சந்துதான் நல்ல இருட்டு என்று மேலதிகாரி சங்கரன் பாராட்டிவிட்டுப் போனார். ஆளில்லாத வீட்டில் விளக்கு எரியாது என்பதை அண்ணன் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. பிறகு ஜனங்கள் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு ஜட்கா வண்டியையும் எரிச்சலோடு பார்த்தபடி நின்றார்.

“ராத்திரியில நான் கண்ணை மூடறதே இல்லை” என்று எல்லோரிடமும் சொல்வார். சங்கரனிடமும் சொல்லிவைத்திருந்தார். அவருடைய குறட்டை கேட்காத வீடு எங்கள் சந்தில் கிடையாது.

அடுத்த வருஷம் அக்டோபரில் விடாத மழை. ஒருநாள் காலையில் பால்காரி தேவானை முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள்.

“இன்னா வார்டன், ராத்திரி ஜப்பான்காரன் ஆர்பர் பக்கம் குண்டு போட்டுட்டுப் பூட்டானாமே! உனுக்குத் தெரியாதா?”

அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சி வாயிலேயே நின்றது.

“தெரியும்” என்றார்.

மழை விட்டதும், துறைமுகத்தில் விழுந்த குண்டைப் பற்றி சங்கரன் விசாரணைக்கு வந்தார். பக்கத்துத் தெரு வார்டன் தணிகாசலமும் கூட வந்திருந்தார். அண்ணன் வீட்டு வாசலில்தான் பேச்சு.

“தணிகாசலம், அன்னிக்கு உமக்கு ஏதாவது சத்தம் கேட்டதா?”

“மழை சார். இழுத்துப் போத்திக்கினு தூங்கிட்டேன்.”

“ஊரே தூங்கிடுத்து. போறது. பவுல்சாமி, நீர்?”

“கேட்டுது சார். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.” அண்ணனுடைய மார்பு நிமிர்ந்தது. முகத்தில் தலைமை வார்டன் களை அப்போதே வந்துவிட்டது.

“பேஷ்! என்ன பண்ணினீர்?”

“என்ன சார்?”

“விசில் ஊதினீரா? ஜனங்களை எழுப்பினீரா? எங்களுக்குத் தகவல் சொன்னீரா?”

அண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பியாட்ரிஸ் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். “ஐயா, அவர் சொல்றதை நம்பாதீங்க. நல்லாத் தூங்கினாரு. அந்தக் குறட்டையில குண்டென்ன, எனக்கு இடியே கேக்கல. வேணும்னா எதிர்வீட்டுப் பொண்ணைக் கேளுங்க!”

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன். பேச்சு மட்டும் கேட்டது.

சங்கரன் கெட்டவர் இல்லை. “நன்னா யோசிச்சுச் சொல்லும், பவுல்சாமி. தூங்கிட்டீர்தானே?” என்று தப்பிக்க வழி விட்டார்.

“சொல்லு நைனா, தூங்கிட்டேன்னு சொல்லிடு” என்று தணிகாசலம் கிசுகிசுத்தார்.

சொல்லியிருந்தால் வேலை தங்கியிருக்கும்.

“நான் தூங்கறவன் இல்ல சார்” என்றார் அண்ணன்.

தொப்பியையும் விசிலையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸுக்குள் தணிகாசலம் தலைமை வார்டன் ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது பியாட்ரிஸ் அக்கா சொல்லித் தெரியும். தியாகராய நகரில், பாண்டி பஜார் பக்கம், ஒரு சேட்டு தன் அடகுக் கடைக்கு ராக்காவல் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பழைய வேலை ஏன் போயிற்று என்று அவர் கேட்டதற்கு அண்ணன் ஒளிக்கவில்லை.

“குண்டு போட்டப்ப முழிச்சிருந்தும் விசில் ஊதலேன்னு எடுத்துட்டாங்க.”

“ஊரே தூங்கும்போது நீ முழிச்சிருந்தியா?”

“ஆமாம் சேட்டு.”

“அது போதும். விசில் எனக்கு வேண்டாம். நாளைக்கே வா.”

“வேலை நிரந்தரமா?”

“கடை இருக்கிற வரைக்கும்.”

சுவரில் இருந்த முதல் இரண்டு வரிகளையும் அண்ணன் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். மூன்றாவது வரி அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் ஜெபமாலை முடிந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறார். சண்டை முடியணும் என்று அக்கா வேண்டும்போது, பிள்ளைகளை முந்திக்கொண்டு அவர்தான் ஆமென் சொல்கிறார்.

எங்கள் சந்தில் ராத்திரிகள் அமைதியாக இருக்கின்றன. பாண்டி பஜாரில் எப்படி என்று தெரியவில்லை.