சைக்கிள் ராக்

அக்கா வீட்டுக் கேட்டில் காலிங் பெல் கிடையாது. கம்பியில் ஒரு பழைய சைக்கிள் மணியை முறுக்கி வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் அந்தத் தெருவுக்குப் புதிதாக வரும் கூரியர்காரர்கள் சுவிட்சைத் தேடி அலுத்து, கடைசியில் "மேடம்... மேடம்..." என்று கத்துவார்கள். அக்கா உள்ளே இருந்தபடியே, "மணிய அடிங்க தம்பி, கடிக்காது" என்பாள். முலாம் உரிந்து, விளிம்பில் துரு ஏறிய அந்த மணியைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒரு காலத்தில் எங்கள் ராக் இசைக்குழுவைக் காப்பாற்றிய வாத்தியம் அது.

ராக் இசைக்குழு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலே பேர்தான். தலைவர் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணம் முடிந்த கையோடு போனவர், லீவில் திரும்பி வந்தபோது எல்லாரும் கொண்டுவரும் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரும், காலால் மிதித்தால் "வாவ் வாவ்" என்று அழுகிற ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். அறையில் கூடத் தங்கியிருந்த யாரோ கற்றுக்கொடுத்தார்களாம். சைக்கடெலிக் ராக் என்று அதற்குப் பெயர். கேட்கிறவன் மண்டைக்குள் நிறம் நிறமாகச் சுற்ற வேண்டும், அதுதான் அதன் லட்சணம் என்பார். லுத்தரன் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். தேர்பவனிக்கும் சவ ஊர்வலத்துக்கும் ஒரே சிவப்புக் கோட்டில் போய் சாக்ஸபோன் ஊதும் கத்தோலிக்க அண்ணன் ஒருவரும் வந்தார். அவர் சுருதி விலகி ஊதினால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, ஜாஸ்!" என்பார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் திருவிடைமருதூரிலிருந்து ஒரு தவில்காரர் பஸ் ஏறி வருவார். நடவுப் பாட்டு மெட்டு ஒன்றை எடுத்து, அதை மோகனத்தில் கொஞ்சம் நனைத்து, ஏழு அட்சரத் தாளத்தில் சுற்றிவிட்டு, மேலே கிட்டாரைக் கதறவிட்டால் எங்கள் பாட்டு தயார்.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம் ஆரம்பித்ததால் குழுவுக்கு 'நுங்கும் நுரையும்' என்று பெயர் வைத்தார் அத்தான். அப்பாவின் மோட்டார் கொட்டகையில்தான் ஒத்திகை. அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். "நுரை எத்தனை நாளைக்கு நிக்கும்? பேர்லயே ஆயுசு தெரியுது" என்பாள். ஒருநாள் அத்தான் ஆசையாக எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "கெணத்துக்குள்ள மாடு வுழுந்த மாதிரி இருக்குங்க" என்றாள். பொய் சொல்லவே தெரியாது அவளுக்கு.

ஆனால் அந்த மாடு கத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லாரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டவளும் அவள்தான். லீவு முடிந்தும் அத்தான் சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அப்பாவுக்கு வயிற்றெரிச்சல். பொறுத்துப் பார்த்து ஒருநாள் சாப்பாட்டில் சொல்லிவிட்டார்: "மாப்ள, பொங்கல் வரைக்கும் பாப்போம். ஒரு மேடை ஏறுங்க. ஊரு உக்காந்து கேட்டா நீங்க இங்கயே இருங்க. எந்திரிச்சுப் போயிட்டா, மறுவாரம் நீங்க ஃப்ளைட் ஏறிடணும்." அத்தான் சரி என்றார். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், இலை வழிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் புருஷனோடு வாழ்ந்தது போனில்தான். குழந்தைகூட அப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டும்.

மேடை கிடைத்தது. கீழ்வேளூர் பக்கம் ஒரு ஊரில் காணும் பொங்கல் விழா. விழாக் கமிட்டிச் செயலாளர் போனில் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சைக்கடெலிக் ராக்குங்க" என்றார் அத்தான். லைன் கொரகொர என்றது. "ஓகோ, அதுவா! நம்மூர்ல நடந்து ரொம்ப வருசம் ஆச்சுங்க. எவ்ளோ நேரம் சுத்தும்?" "ரெண்டு மணி நேரம் நிக்காம சுத்தும்ங்க. எல்லாரும் கிறுகிறுத்துப் போயிடுவாங்க." "அடேயப்பா, ரெண்டு மணி நேரம் போதும்ங்க!" போனை வைத்துவிட்டு அத்தான் கண் கலங்கினார். "பாத்தியா, நம்ம மியூசிக்கப் புரிஞ்சவன் கீழ்வேளூர்ல இருக்கான்!"

பள்ளிக்கூட மைதானத்தில் வேனை விட்டு இறங்கினால், நடுவில் ஒரு மூங்கில் கம்பம், அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளில் பெரிய வட்டம், ஒரு குடம் தண்ணீர், தடியாக ஒரு மாலை. "மேடை டிசைன் பிரமாதம்" என்றார் அத்தான். செயலாளர் வேனுக்குள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, சைக்கிள் எங்கங்க?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. காலை ஊன்றாமல் வட்டமடித்துச் சைக்கிள் ஓட்டுவார்களே, ஊர் கூடி வேடிக்கை பார்க்குமே, அந்த வித்தையை எதிர்பார்த்து மனுஷன் காத்திருந்திருக்கிறார். வாசலில் கட்டியிருந்த பேனரில் 'சைக்கிள் ராக்' என்றே போட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் வாசிக்க ஆரம்பித்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் "சைக்கிள் எங்கடா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். இரண்டாவதில் சாக்ஸ் அண்ணன் உயிரைக் கொடுத்து ஊதினார்; ஒரு அம்மாள், "யாரு செத்துட்டா?" என்றாள். கூட்டம் பாயைச் சுருட்ட ஆரம்பித்தது. முன்வரிசை நாற்காலியில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துகிறேன் என்றே தெரியவில்லை.

அப்பா பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். குழந்தையை அப்பா மடியில் தொப்பென்று வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செயலாளரின் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை. முதல் சுற்றில் ஆடினாள், விழப்போனாள், கூட்டம் "ஏய் ஏய்" என்றது. இரண்டாவது சுற்றில் நிமிர்ந்தாள். கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் டிங், டிங்-டிங் என்று மணியடித்தாள். சுருட்டிய பாய் எல்லாம் மறுபடி விரிந்தது.

தவில்காரர்தான் முதலில் பிடித்தார். மணி எங்கே விழுகிறதோ அங்கே தாளத்தின் தொடக்கமான சமத்தை வைத்து வாசித்தார். நான் தொற்றிக்கொண்டேன், சாக்ஸ் சேர்ந்தது. எங்கள் பாட்டில் ஒரு வசதி, அதற்கு முடிவே கிடையாது. அவள் சுற்றச் சுற்ற அத்தான் கிட்டார் விம்மிக்கொண்டே போனது. சின்னப் பிள்ளைகள் கையால் தாளம் போட, கிழங்கள் விசிலடிக்க, யாரோ ஓடிப்போய் ஓடுகிற சைக்கிளில் இருக்கிறவள் கழுத்தில் அந்தத் தடி மாலையைப் போட்டார்கள். அப்படி ஒரு வாசிப்பை நாங்கள் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பிறகும் வாசித்ததில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

முடிந்ததும் அப்பா வட்டத்தின் ஓரத்துக்கு வந்தார். "ஏம்மா, ஊரு உக்காந்தது பாட்டுக்கா, சைக்கிளுக்கா?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "உக்காரணும்னுதானப்பா சொன்னீங்க? எதுக்குன்னு நீங்க சொல்லலியே!"

அப்பா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எறங்கும்மா, காலு வலிக்கப் போவுது" என்றார். அத்தோடு சிங்கப்பூர் பேச்சு முடிந்தது. செயலாளர் தன் சைக்கிள் மணியைக் கழற்றி, "அக்கா, இத நீங்கதான் வச்சுக்கணும்" என்று கையில் கொடுத்தார்.

நுரை நின்றதா என்றால், நிற்கவில்லை. கோடையில் வாய்க்கால் வறண்டபோது குழுவும் வறண்டது. தவில்காரருக்கு முகூர்த்த சீசன் வந்தது, எனக்குச் சென்னையில் வேலை. அத்தான் கும்பகோணத்தில் மைக்செட் கடை போட்டார். இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் ஆள் வருமுன் மைக் டெஸ்டிங் என்ற பெயரில் கிட்டாரைக் கொஞ்சம் கதறவிடுவார், பாவம் சமையல்காரர்கள்.

போன வாரம் அக்கா வீட்டில் இருந்தேன். சாயங்காலம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உண்மையச் சொல்லு, அந்தப் பாட்டு ஒனக்கு இப்பவாவது புடிக்குமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பாட்டா? ஆண்டவரே! மாடுதான், சந்தேகமே இல்ல. நான் என்ன பாட்டுக்கா சுத்துனேன்?"

அத்தான் கடையிலிருந்து வரும் நேரம், வாசலில் மணி அடித்தது. டிங், டிங்-டிங். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்து, காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.

"இந்த எடம் மட்டும் புடிக்கும்" என்றாள்.